காயவிட்ட சரிவில் இரண்டு வரிசை

சேதம் பார்க்க வந்த அதிகாரி தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பேனாவின் பின்முனையால் காய்ந்த தட்டைகளை விலக்கிப் பார்த்தார். வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடந்த ஏலக்காய்த் தட்டைகளுக்கு நடுவே, தூரில், விரல் நீளத்துக்கு ஒரு பச்சை முளை நின்றது.

அவர் முகம் மலர்ந்தது. செடிகளைப் பற்றிப் படித்து வேலைக்கு வந்தவர். செத்துவிட்டது என்று நினைத்த செடி உயிரோடு இருப்பதைக் கண்டால் அவருக்குச் சந்தோஷம் வருவதில் தப்பில்லை.

"சேச்சி, இது போயிட்டில்லல்லோ. முளை வருதே," என்றார்.

சேச்சி என்று அவர் கூப்பிட்டது என் ஓரகத்தி பாண்டியம்மா அக்காவை. அக்கா குனிந்து பார்த்தார். நான் குனியவில்லை. இடுப்பில் இரண்டு வயது மகள் யாழினி இருந்தாள் என்பது ஒரு சாக்கு. அந்த முளை அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குத் தண்ணீர் ஊற்றியது நான்.

ஊற்றக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்த செடி அது.

கீழே வீடு, மேலே தோட்டம்

போடியில் இருக்கும் பல குடும்பங்களைப் போல எங்களுக்கும் வீடு தமிழ்நாட்டில், தோட்டம் கேரளத்தில். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏறினால் போடிமெட்டு தாண்டி, வெயில் வரும் நேரத்துக்குத் தோட்டத்தில் இருக்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் யாழினி வாந்தி எடுப்பாள். மடியில் ஒரு துண்டு, பையில் இரண்டு துண்டு. ஒவ்வொரு வளைவிலும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஜீப்பில் வரும் பெண்கள் சிரிப்பார்கள்.

தோட்டம் பெரிதல்ல. மாமனார் விட்டுப்போனது. மேல் பாதி எங்களுக்கு, கீழ்ச்சரிவு என் கணவரின் அண்ணனுக்கு என்று வாயால் பிரித்துக்கொண்டதோடு சரி. வரி ரசீது ஒன்றுதான். அண்ணன் இறந்த பிறகு கீழ்ச்சரிவைப் பாண்டியம்மா அக்கா தனியாகப் பார்த்துக்கொண்டார். காய் எடுப்பது, களை வெட்டுவது, மருந்து அடிப்பது எல்லாம் அவரே. கூலிக்கு ஆள் வைத்தால் தனக்கு மிஞ்சாது என்பார்.

அவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. சொந்தச் சரிவை வைத்துக்கொண்டு அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் நாள் வந்துவிடக் கூடாது. காய் விளையாமல் போன வருடத்தில்கூட ஜீப்பில் கூலிப் பெண்களோடு உட்காராமல் முன்னால் டிரைவர் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்காருவார். வீம்பு என்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் தெரிந்தது.

தண்ணீர் இல்லாத கோடை

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், கோடை மழை ஏமாற்றிய வருடம். ஏலம் நிழலும் ஈரமும் கேட்கிற செடி. ஒரு மாதம் மழை தள்ளிப்போனால் இலை ஓரம் சுருளும். இரண்டு மாதம் தள்ளிப்போனால் தட்டை வைக்கோலாகிவிடும். காற்று அடித்தால் தோட்டம் முழுவதும் காகிதம் கசங்குவது போல ஒரு சத்தம் வரும். ராத்திரி போடி வீட்டில் படுத்திருக்கும்போதும் அந்தச் சத்தம் எனக்குக் காதில் இருந்தது.

தோட்டத்தின் நடு மேட்டில் ஒரு குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கி வைத்திருந்தோம். படுதாக் குளம் என்போம். அதுதான் இரண்டு பாதிக்கும் சேர்த்து இருந்த ஒரே தண்ணீர். அதிலிருந்து ஒரு தூருக்கு ஒரு கேன் என்று அளந்து ஊற்றினோம். பச்சை வலை வாங்கி மேலே கட்டினோம். என் கணவரின் முதுகில் வேர்க்குரு வெடித்துச் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கோடையில் மலையில் யாரும் தண்ணீரைக் கீழே கொட்டவில்லை. கை கழுவினால் ஒரு தூரில் நின்று கழுவுவோம். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர், பிள்ளை கால் கழுவிய தண்ணீர் எல்லாம் ஏதாவது ஒரு செடிக்குப் போகும். யோசித்துச் செய்வதல்ல. கை தானாகச் செய்யும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் தப்பு இங்கேதான் தொடங்கியது.

கூடைக்குக் கீழே யானைக் காலடி

இழப்பைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

அப்பா தேவாரம் பக்கம் குத்தகைக்கு எடுத்து வாழை போட்டிருந்தார். ஒரு நாள் யானை இறங்கி மிதித்துவிட்டுப் போனது. அரசாங்கம் பணம் தரும், ஆனால் யானைதான் மிதித்தது என்று காட்ட வேண்டும் என்றார்கள். வானம் வேறு இருட்டிக்கொண்டிருந்தது. அப்பா வீட்டிலிருந்த கூடை, அண்டா, முறம் எல்லாவற்றையும் கொண்டுபோய் யானையின் காலடித் தடங்கள் மேல் கவிழ்த்து வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோழி கிளறாமல் பார்த்துக்கொள்வது என் சோலி. அண்டா வயலில் இருந்ததால் அம்மா பல நாள் பக்கத்து வீட்டு அண்டாவில் சுடுதண்ணீர் போட்டார்.

பார்க்க வந்தவர் ஒவ்வொரு கூடையாகத் தூக்கிப் பார்த்தார். தடம் ஒன்றுகூடக் கலையவில்லை. நன்றாக வைத்திருக்கிறீர்கள் என்று அப்பாவைப் பாராட்டினார். பிறகு பட்டா யார் பேரில் என்று கேட்டார். பட்டா குத்தகைக்கு விட்டவர் பேரில். பணம் அவருக்குப் போனது. அண்டாவை அப்பா தலையில் கவிழ்த்தபடி வீட்டுக்குத் தூக்கிவந்தார். நான் பின்னால் முறத்தோடு நடந்தேன்.

அதனால்தான் நான் படிக்க வேண்டும், மனு எழுதத் தெரிய வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். படித்தேன். மனுவும் எழுதினேன்.

மூன்றில் ஒரு பங்கு

வறட்சியில் போன ஏலத்துக்கு நிவாரணம் என்று அறிவிப்பு வந்தது. மலைமேல் இருந்த விவசாய அலுவலகத்துக்குப் படிவம் வாங்க நான்தான் போனேன். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதம் இருந்தால்தான் கணக்கில் வரும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். குறைவாக இருந்தால் எழுதி மெனக்கெட வேண்டாம் என்று அக்கறையோடுதான் சொன்னார்.

வரி ரசீது ஒன்று என்பதால் எங்கள் இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரே கணக்கு; அதில் கால்வாசி போயிருந்தது. தண்ணீர் ஊற்றாமல் இருந்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். எங்களுக்கு மேல் தோட்டக்காரர் போடியில் கடை வைத்திருப்பவர். அந்தக் கோடையில் இரண்டு முறை மலை ஏறியிருந்தால் அதிகம். அவர் தோட்டம் முழுவதும் காய்ந்துபோய் நின்றது. அவருக்கு நிச்சயம் உண்டு.

காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் உட்கார்ந்து பேசினோம். அக்கா கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார்.

"கால்வாசிதான் மதினி போயிருக்கு. இப்படியே நின்னா ஒண்ணும் கெடைக்காது. தண்ணியும் இன்னும் ரெண்டு வாரத்துக்குத்தான் வரும்," என்றார் என் கணவர்.

அக்கா திரும்பாமலே பதில் சொன்னார். "அப்ப எம்பக்கத்த விட்ருங்க தம்பி. இருக்கிறத மேல ஊத்துங்க. பணம் வந்தா நான் புதுக் கன்னு வச்சுக்கிறேன்."

"ரோசிச்சுச் சொல்லுங்க."

"ரோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பக்கமும் அரைக்கொறையா ஊத்தி ரெண்டும் போறதுக்கு ஒண்ணு போகட்டும்." அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன ஆத்தா, நீ படிச்ச புள்ள. சரிதான?"

"சரிதான்க்கா," என்றேன்.

இது ஏமாற்று வேலையா என்று அப்போதே எனக்குள் கேட்டேன். தண்ணீர் எப்படியும் போதாது, எந்தப் பக்கம் காயவேண்டும் என்று நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம், அவ்வளவுதான் என்று பதிலும் சொல்லிக்கொண்டேன். அந்தப் பதில் சரியா என்று இன்று வரை தெரியவில்லை. அன்றே உட்கார்ந்து படிவத்தை எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

அன்றிலிருந்து அக்கா கீழ்ச்சரிவுப் பக்கம் நடக்கவில்லை. ஸ்டோருக்குப் போக அந்த வழிதான் பக்கம். ஆனால் மேலே சுற்றிக்கொண்டு போனார். கேட்டதற்கு முழங்கால் வலி, ஏற்றம்தான் தோதாக இருக்கிறது என்றார்.

துணி அலசிய தண்ணீர்

யாழினிக்குப் பால் மறக்கடித்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். வேப்பிலை அரைத்துப் பூசியது கொடுமை இல்லையா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எனக்கும் தெரியவில்லை அம்மா. அதுவும் இதே கோடையில்தான்.

அவள் என் மாராப்பை இழுப்பாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விலகுவாள். கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்த் திரும்ப வருவாள். கசப்பு போயிருக்கும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. மூன்றாம் நாள் அழக்கூட இல்லை. என்னைப் பார்த்தபடி கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டு படுத்துக்கொண்டாள். அது அழுகையைவிட மோசமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் ஜீப்பில் வாந்தி எடுத்த துணியைக் குளத்தோரம் வாளியில் அலசினேன். தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையில் நாலடி நடந்து, அருகில் இருந்த தூரில் ஊற்றினேன். ஊற்றி முடித்துத் தலையைத் தூக்கினால் கீழ்ச்சரிவு. அக்காவின் செடி.

அவ்வளவுதான். கை பழகிய வேலையைச் செய்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

சில நாள் கழித்து அந்தத் தூரைப் பார்த்தேன். ஊசி முனை போலப் பச்சை தெரிந்தது. பக்கத்துத் தூரில் இல்லை. நான் குளத்துக்குப் போய் ஐந்து லிட்டர் கேனை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஏன் செய்தேன் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. இரக்கம் என்று சொன்னால் எனக்கே அழகாக இருக்கிறது, அதனால் சந்தேகமாக இருக்கிறது. நான் "சரிதான்" என்று சொன்னதற்குப் பரிகாரமாக இருக்கலாம். வேப்பிலை வாசம் என் உடம்பிலிருந்து போகாமல் இருந்த நாட்கள். இன்னொரு உயிருக்கும் இல்லை என்று சொல்ல என்னால் முடியாமல் போயிருக்கலாம்.

அக்கா கஞ்சி காய்ச்ச ஸ்டோருக்குள் போகும் நேரம் பார்த்து ஊற்றினேன். பிள்ளையை வைத்துக்கொண்டு சரிவில் இறங்க முடியாது. எனவே பாதையில் நின்று கைக்கு எட்டுகிற தூரத்துக்கு மட்டும். பாதையோரம் இரண்டு வரிசை. இன்றைக்குப் பத்துத் தூர், நாளைக்குப் பத்துத் தூர். யாழினிக்கு அது விளையாட்டு. அவளும் தன் பாட்டிலைக் கவிழ்ப்பாள்.

என் கணவரிடமும் சொல்லவில்லை. குளத்தில் தண்ணீர் குறைவதைப் பார்த்து, வெயில்தான் உறிஞ்சுகிறது என்று அவர் சொன்னபோது ஆமாம் என்றேன்.

அவர் வந்த நாள்

அதிகாரி வந்த அன்று மத்தியானமே மேகம் கட்டிவிட்டது. ஊரெல்லாம் காத்திருந்த மழை. அவருக்கு இன்னும் பல தோட்டங்கள் பார்க்க வேண்டியிருந்தது. பளபளவென்று ஷூ போட்டிருந்தார். சரிவில் இறங்காமல், பாதையோரம் இருக்கும் வரிசைகளை எண்ணிப் பார்த்து, அதை வைத்துச் சரிவு முழுவதற்கும் கணக்குப் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

ஷூ போட்டவர் நின்ற இடமும், பிள்ளையை இடுப்பில் வைத்தவள் நின்ற இடமும் ஒன்றுதான்.

தூர் தூராக விலக்கிப் பார்த்தார். இரண்டில் ஒன்றில் முளை இருந்தது. ஒவ்வொரு முளைக்கும் ஒரு டிக் போட்டார். மழை வந்தால் எல்லாம் எழுந்துவிடும், வருத்தப்பட வேண்டாம் என்று பாண்டியம்மா அக்காவைத் தேற்றினார்.

"சார், அந்தப் பக்கம் எறங்கிப் பாருங்க. சுத்தமாப் போச்சு," என்றார் என் கணவர். அதிகாரி கைப்பேசியில் நேரத்தைப் பார்த்தார். பத்தடி இறங்கி, வழுக்கி, ஏறிவிட்டார்.

அப்போது யாழினி என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கினாள். கையில் இருந்த பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. உறிஞ்சும் மூடியோடு அப்படியே ஒரு தூரின் மேல் கவிழ்த்துக்கொண்டு, "செடி, தண்ணி குடி," என்றாள். வீட்டில் நான் அவளிடம் சொல்லும் அதே குரலில்.

அதிகாரி சிரித்தார். "மோள் நல்ல விவசாயி."

பாண்டியம்மா அக்கா பிள்ளையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வெளாடுது சார்," என்று சொல்லி யாழினியைத் தூக்கிக்கொண்டார். பாட்டிலின் மூடியைத் திருகி அவளுக்குக் குடிக்கக் கொடுத்தார்.

இறங்கும்போது ஜீப்பில் மழை அடித்தது. அக்கா முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெட்டுக்குக் கீழே வந்த பிறகு அவராகச் சொன்னார். "பிடிவாதக்காரச் செடி ஆத்தா. சாவுன்னு விட்டாலும் சாக மாட்டேங்குது. என்னைய மாதிரி."

அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அல்லது பெருமை போல அவர் எனக்குக் காட்டினார். அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

வந்ததும் வராததும்

எங்கள் மனு தள்ளுபடி. சேதம் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவு. மேல் தோட்டக்காரருக்குப் பணம் வந்தது. அவர் எங்களைப் பார்த்துச் சங்கடப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். ஜீப் டிரைவர்தான் விடவில்லை. "தண்ணி ஊத்துனவுகளுக்குத் தண்ணிச் செலவு, ஊத்தாதவுகளுக்கு அரசாங்கம் பணம். அடுத்த வருசம் நீங்களும் ஊர்ல படுத்துத் தூங்குங்க அண்ணே," என்று என் கணவரிடம் சொன்னார். ஜீப்பே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நான் காப்பாற்றிய இரண்டு வரிசை என்ன ஆனது என்று நீங்கள் கேட்கலாம். மழை வந்தது, விடாமல் பெய்தது. நலிந்த வேரில் அழுகல் விழுந்தது. அந்த முளைகள் இலை விரிவதற்குள் பழுத்துச் சாய்ந்தன. கையில் எடுத்தால் கூழாக வந்தன. அதிகாரி சொன்னபடி எதுவும் எழவில்லை. ஆனால் அவர் போட்ட டிக் எல்லாம் காகிதத்தில் உயிரோடு இருந்தது.

மறு ஆய்வு கேட்டு இரண்டு மனு எழுதினேன். அடித்தல் திருத்தல் இல்லாமல். பதில் இல்லை.

புதுக் கன்று வைக்க வழியில்லாமல் அக்கா கீழ்ச்சரிவைப் பாட்டக் குத்தகைக்கு விட்டார். எடுத்துக்கொண்டவர் மேல் தோட்டக்காரர். நிவாரணப் பணத்தில்தான் கன்று வாங்கி நட்டார். நல்ல கன்று. இப்போது காய் பிடித்துவிட்டது.

காய் எடுக்க அவருக்குப் பெண்கள் வேண்டும். அக்காவின் விரல் வேகம் மலைக்கே தெரியும். இன்று அக்கா ஜீப்பில் பின்னால் கூலிப் பெண்களோடு உட்கார்ந்து போகிறார். போய், தன் சரிவில், பாதையோரம் இரண்டு வரிசையில் தொடங்கிக் காய் எடுக்கிறார். சாயங்காலம் எடை போட்டுக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு இறங்குகிறார்.

"பழக்கப்பட்ட எடம், கால் தேடாது," என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை

இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதிலிருந்து அக்கா ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசிக்க வேண்டும். யாழினியை மடியில் போட்டுக்கொண்டு கேட்பார். தன்னைப் பற்றி வந்தால், "நான் எங்க அப்படிச் சொன்னேன்? நீயாச் சேத்துக்கிட்ட," என்று திட்டுவார். அடுத்த வாரம் தன்னைப் பற்றி வரவில்லை என்றால் அதற்கும் திட்டுவார்.

இந்த அத்தியாயத்தைப் படித்த என் கணவர், குளத்துத் தண்ணீரா, என்று மட்டும் கேட்டார். பிறகு, மதினிக்கு வேறு ஏதாவது வாசித்துக் காட்டு, அவருக்கு என்ன தெரியப் போகிறது என்றார். எனக்கும் அது தோன்றாமல் இல்லை. யானைக் காலடிக் கதையை மட்டும் வாசித்தால் போதும். சிரிப்பார்.

ஆனால் ஜீப்பில் வரும் பெண்கள் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இதழ் வெள்ளிக்கிழமையே பஸ்ஸ்டாண்டு கடையில் தொங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லாவிட்டால், திங்கட்கிழமை ஏதோ ஒரு வளைவில் யாராவது சொல்லிவிடுவார்கள். அப்படி ஒரு கெடு எனக்கு வேண்டும் என்றுதான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். வாயால் சொல்லும் தைரியம் இத்தனை நாளில் வரவில்லை.

அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்வேன் என்றும் யோசிக்கிறேன். தெரியாமல் இருப்பதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வாசல் ஏறும்போதே அவர் முதலில் தண்ணீர்தான் கேட்பார். ஒரு சொம்பு கொடுப்பேன். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ம், வாசி," என்பார்.